சட்டைப் புகையும் கரி மூட்டையும்

மனைவி மோந்து பார்க்காமலே வீட்டுக்குள் விட்டுவிட்டாள். அவருக்குப் பகீரென்றது.

ஒரு வாரமாக இதே கதைதான். முன்பெல்லாம் வாசலிலேயே நிறுத்தி, காலரைப் பிடித்து இழுத்து, இரண்டு பக்கமும் மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே அனுமதி. இப்போது ஒரு சிரிப்பு. கையிலிருக்கும் பையை ஓடி வந்து வாங்கி வைக்கும் உபசாரம் வேறு. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. எதற்கோ அடி போடுகிறாள்!

சிகரெட்டை விட்டுவிட்டதாக அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். மீறினால் மாமியார் வந்து கூடவே தங்குவார் என்று ஒப்பந்தம். மாமியார் சோப்புக் கம்பெனியில் வாசனை பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மூக்கு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

இவரும் லேசுப்பட்டவர் இல்லை. வீடு வீடாகத் தண்ணீர் ஃபில்டர் மாட்டுகிறவர். ஃபில்டருக்குள் போடும் கரி எப்பேர்ப்பட்ட வாசனையையும் பிடித்துத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் என்று தெரிந்தவர். புகைக்கென்றே ஒரு பழைய சட்டை வைத்திருந்தார். பிடித்து முடித்ததும் அதைக் கழற்றி, ஒரு சின்னக் கரி மூட்டையோடு கருவிப் பைக்குள் திணித்துவிடுவார். பைக்குள் தலையையே விட்டாலும் ஒன்றும் தெரியாது. வாய்க்கு ஏலக்காய்.

"என்னங்க, கொஞ்சம் சமையக்கட்டுக்கு வாங்களேன்."

போனார். அடுப்பின் மேல் வாணலி. வாணலியில் அவருடைய கரி.

"இ... இது எதுக்கு?"

"வறுக்கப் போறேன்."

"கரியை யாராவது வறுப்பாங்களா?"

"நீங்கதானே மாடி வீட்டு அக்காவுக்கு விளக்கினீங்க? வாசனை எங்கயும் போயிடாது, கரி மேல மெல்லிசா படிஞ்சு உட்கார்ந்திருக்கும், நல்லா சூடு காட்டினா எல்லாம் கிளம்பி வெளியே வந்துடும்னு. பக்கத்துலதானே நின்னேன்."

மாடி வீட்டில் போய் ஏன் அத்தனை அளந்தோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அது... வேலை செய்யற இடத்துல மத்தவங்க பிடிக்கற சிகரெட் ஒட்டியிருக்கும்."

"நான் சிகரெட்னு சொல்லவே இல்லையே?"

அவள் கை அடுப்புத் திருகை நோக்கிப் போனது. ஒரு மாதப் புகையும் ஒரேயடியாகக் கிளம்பினால் தெருவே இருமும். பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா! ஒத்துக்கறேன். ஒரு நாளைக்கு ஒண்ணு. சரி, ரெண்டு. டீ குடிக்கறப்ப மட்டும்தான். அதை மட்டும் சூடு பண்ணிடாதே!"

அவள் நிதானமாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"எங்க பண்றது? ஸ்டேஷன்ல அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க. கூட்டிக்கிட்டு வரப்ப அப்படியே ஒரு சிலிண்டரும் வாங்கிட்டு வந்துடுங்க. காலையிலயே தீர்ந்துபோச்சு."