ஐப்பசிச் சேற்றில் ஒரு பனிச்சங்கிலி

தேவையில்லாத பொருளை வாங்கிவிட்ட மனிதனுக்கு நிம்மதியே கிடையாது. அது உதவும் நாள் ஒன்று வந்தே தீரும் என்று வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஒரு நாள் தானாக வராவிட்டால் அவனே அதை வரவழைத்துவிடுவான். நான் வரவழைத்தேன். அதுவும் என் மனைவியின் பரீட்சை நாளில்.

நான் வாங்கிய பொருள் பனிச்சங்கிலி. பனி கொட்டிக் கிடக்கும் மலைச்சாலையில் கார் வழுக்காமல் இருக்க, டயரைச் சுற்றி மாட்டுகிற இரும்புச் சங்கிலி. ஒரு பெட்டியில் இரண்டு இருக்கும். நான் இருப்பதோ வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில். (எங்கள் ஊரில் பனி என்பது மார்கழிக் காலையில் கார் கண்ணாடியில் படிவது. அதைத் துடைக்க ஒரு பழைய துண்டு போதும்.)

புதுக்கோட்டையில் எனக்குச் செல்போன் கடை. வியாபாரம் இல்லாத நேரத்தில் வீடியோ பார்ப்பேன், அதாவது பெரும்பாலான நேரம். நண்பர்கள் நான்கு பேர் காரிலேயே காஷ்மீர் வரை போவதாக ஒரு திட்டம் போட்டோம். ஒருவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒருவனுக்கு மாமனார் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. மூன்றாமவன் காரணம்கூடச் சொல்லவில்லை, என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். பயணம் உறுதியாகும் முன்பே சங்கிலி வாங்கிவைத்த அறிவாளி நான் ஒருவன்தான்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குச் சங்கிலிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். துருப்பிடித்துவிடக் கூடாதே என்று என் அம்மா விளக்கெண்ணெய் வேறு தடவி வைத்தார். அதோடு அந்தப் பொருளின் வேலை முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

இப்போது தேன்மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி. இலுப்பூர் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். அறிவியல் பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு வந்தவள். (முதல் இரண்டும் நல்ல முடிவுகள்.) ஆசிரியர் தேர்வுக்கு அவள் படித்த மாதிரி யாரும் படித்து நான் பார்த்ததில்லை. மாவரைக்கும்போது கிரைண்டர் ஓட ஓட வாய்ப்பாடு போல எதையோ சொல்லிக்கொண்டிருப்பாள். அடுப்படிச் சுவரில் குறிப்புகளை ஒட்டி வைத்திருந்தாள். குழம்பு கொதிக்கும் நேரம் அவளுக்கு ஒரு பாடம். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு பாடம். (மெதுவாகச் சாப்பிடுவது என் பங்களிப்பு.) அந்தத் தேர்வை அடுத்து எப்போது நடத்துவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதை விட்டால் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டுமோ என்ற கவலை அவளுக்கு. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், ஆனால் கண் சொல்லும்.

தேர்வுக்கு முந்தின நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டிலிருந்து தார்ச்சாலைக்குக் கண்மாய்க்கரையை ஒட்டிய மண்பாதைதான். மழை பெய்தால் அது பாதையாக இருக்காது, நாற்றங்காலாக மாறிவிடும். தேன்மொழி எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரைமேல் நடப்பது, சாலையோரக் குழாயில் காலைக் கழுவுவது, முதல் பஸ்ஸில் புதுக்கோட்டை போவது. எளிமையான திட்டம். அதில் எனக்கு எந்த வேலையும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"பரீட்சைக்குப் போறவ சேத்துல நடந்து போறதா? வாசல்ல கார் நிக்கிது. சங்கிலி இருக்கு. வீடியோவுல பனியிலயே போகும்ங்கிறான், இந்தச் சேறு எம்மாத்திரம்?" என்றேன்.

"வேணாங்க. நடந்தா நிச்சயமாப் போயிருவேன்," என்றாள்.

"நீ படிக்கிற வேலையப் பாரு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

ஒரு கணவன் இந்த வசனத்தைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் ஓடிவிட வேண்டும். ஆனால் அவள் பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

விடிந்ததும் பெட்டியைத் திறந்தேன். ஒரு சங்கிலிதான் இருந்தது. வீடு முழுக்கத் தேடிவிட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"அதுவா? கெடாரி கயித்த அத்துக்கிட்டு அத்துக்கிட்டு ஓடுதுன்னு அதுல கட்டிப்புட்டேன்ப்பா. நல்ல கெட்டியான சங்கிலி. எங்கிட்டு வாங்குன? இன்னொண்ணு வாங்கியாந்தா ஆட்டுக்கும் ஆகும்."

கொட்டகைக்கு ஓடினேன். காஷ்மீர் போக வேண்டிய சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிடாரி நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. கழற்றப் போனபோது என்னை முட்டியது. முதல் நாளில் இருந்தே அந்தச் சங்கிலி தனக்குத்தான் உரியது என்று அது நினைத்திருக்க வேண்டும்.

ஒருவழியாகக் கழற்றிக்கொண்டு வந்தேன். அடுத்து டயரில் மாட்டும் வேலை. வீடியோவில் வெள்ளைக்காரர் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே, வண்டியின் பின் சக்கரத்தில் மாலை போடுவதுபோல் மாட்டினார். நானும் பின் சக்கரத்தில் போட்டேன். ஆனால் என் சங்கிலியில் விளக்கெண்ணெய். சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு உள்பக்கக் கொக்கியைப் பிடித்தால் அது விரால் மீன் மாதிரி நழுவியது. மழை முதுகில் கொட்டியது. கொக்கி மாட்டியதா, மாட்டியதுபோல் இருந்ததா என்று தெரியவில்லை. மாட்டியது என்று முடிவுசெய்தேன்.

குடையோடு வந்து நின்ற தேன்மொழி ஒரு நிமிடம் பார்த்தாள். "என்னங்க, நம்ம வண்டில இஞ்சின் எந்தச் சக்கரத்தச் சுத்துது?" என்று கேட்டாள்.

"கார்னா நாலும்தான் சுத்தும். நீ உள்ள ஏறு," என்றேன்.

(அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.)

இருநூறு அடி போயிருப்போம். பாதை தாழ்ந்த இடத்தில் வண்டி நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். முன் சக்கரம் இரண்டும் இருந்த இடத்திலேயே சுற்றிச் சேற்றைத் தோண்டின. சங்கிலி போட்ட பின் சக்கரங்கள் வேடிக்கை பார்த்தன. இன்னும் ஓங்கி மிதித்தேன். வண்டி ஒரு முழம் நகர்ந்தது, பின்னால் 'கடகட'வென்று பாத்திரக் கடை சரிந்ததுபோல் ஒரு சத்தம், அதோடு சரி. இடதுபக்கச் சங்கிலி உள்கொக்கி கழன்று சக்கரத்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. இப்போது முன் சக்கரம் புதைந்துவிட்டது, பின் சக்கரம் இறுகிவிட்டது. நங்கூரம் போட்ட கப்பல்கூட இவ்வளவு உறுதியாக நின்றிருக்காது.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெரியசாமி சித்தப்பா ஓடி வந்தார். அம்மாவும் வந்தார். சித்தப்பா வண்டியைச் சுற்றி வந்து பின் சக்கரத்தைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, வண்டி திருடு போயிரும்னு கட்டிப் போட்டிருக்கியா?" என்றார்.

முதல் பஸ் அதற்குள் போய்விட்டது, அதன் ஹாரன் சத்தம் எங்கள் காதில் விழுந்தது. ஒன்பதரைக்கு மேல் தேர்வு மையத்தின் கேட்டைத் திறக்க மாட்டார்கள். அடுத்த பஸ் அதற்குள் போய்ச் சேராது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் படித்ததெல்லாம் என் கண்முன்னே அந்தச் சேற்றில் புதைவதுபோல் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

தேன்மொழி திட்டவில்லை. ஹால் டிக்கெட் இருந்த பையை சீட்டில் வைத்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். இறங்கி, அப்படியே சேற்றில் படுத்து, சக்கரத்துக்கு அடியில் பார்த்தாள். பரீட்சைக்கென்று அவள் எடுத்துவைத்த சுடிதார் அது.

"சின்ன மாமா, நீங்களும் அத்தையும் முன்னாடி நின்னு பின்பக்கமாத் தள்ளுங்க. என்னங்க, கியரை எடுத்து நியூட்ரல்ல போட்டுட்டு எறங்கி நீங்களும் தள்ளுங்க. நான் சொல்றப்ப மட்டும்," என்றாள்.

நாங்கள் தள்ளினோம். வண்டி ஒரு சாண் பின்னால் போகும்போதெல்லாம், சுற்றிக்கொண்ட சங்கிலியை அவள் ஒரு சாண் உருவினாள். "நிறுத்துங்க. இப்பத் தள்ளுங்க. நிறுத்துங்க." சிக்கு விழுந்த தலைமுடியைப் பிரிப்பதுபோல அவ்வளவு பொறுமை. எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சங்கிலி வெளியே வந்தது. அடுத்த பக்கத்துச் சங்கிலியையும் கழற்றினாள்.

"அதான் கழட்டியாச்சே, வா, நடந்தே ஓடுவோம்," என்றேன்.

"நடந்து ரோட்டுக்குப் போயி? பஸ் போயிருச்சுங்க. இனி வண்டிலதான் போகணும். இழுக்குறது முன் சக்கரம். பிடிமானம் அதுக்குத்தான வேணும்?"

பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அவ்வளவு மென்மையாகச் சொன்னாள். சங்கிலியைத் துப்பட்டா முனையால் துடைத்து எண்ணெயை எடுத்தாள். சித்தப்பா கொண்டுவந்த தென்னை மட்டைகளை முன் சக்கரத்துக்கு அடியில் திணித்து, எங்களைத் தள்ளச் சொல்லி வண்டியை அவற்றின்மேல் ஏற்றி, சங்கிலியை மேலே போர்த்தினாள். முதலில் உள்கொக்கி, பிறகு வெளிக்கொக்கி, பிறகு சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் ரப்பரை இழுத்து மாட்டினாள். வாழ்நாளில் அவள் அந்தச் சங்கிலியைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை. வீடியோவை ஏழெட்டு முறை பார்த்த நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவளே ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். லைசென்ஸ் வைத்திருந்தாள், ஆனால் நான் வண்டியைக் கொடுத்ததே இல்லை. (கிளட்சை விடுவது சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தேன்.) "தள்ளுங்க," என்றாள். கிளட்சை அவள் விட்ட அழகை நான் பார்த்தேன். இரண்டு சக்கரமும் மட்டையைக் கடித்து, மண்ணைக் கடித்து, மெல்ல மெல்ல மேலேறின. வண்டி நகர்ந்தது. நகர்ந்ததும் நிற்கவில்லை. நின்றால் மறுபடி புதைந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. "ஏய், நானு! நானு!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். வழுக்கி விழுந்து எழுந்து பார்த்தபோது வண்டி தார்ச்சாலையில் நின்றிருந்தது. தேன்மொழி இறங்கிக் குனிந்து சங்கிலிகளைக் கழற்றிச் சாலையோரம் வைத்தாள். திரும்பிக் கையை ஆட்டினாள். போய்விட்டாள்.

"புருசன விட்டுட்டுப் போயிருச்சே," என்றார் சித்தப்பா.

"பாரம் கொறைஞ்சாத்தான வண்டி வேகமாப் போகும்," என்றார் என் அம்மா. இரண்டு வருடமாக மருமகளிடம் குழம்பில் உப்பு சரியில்லை என்று சொல்லிவந்தவர், அன்று கண்மாய்க்கரையில் நின்று முகமெல்லாம் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். தலையிலிருந்து கால்வரை சேறு, தோளில் இரண்டு சங்கிலி. கண்டக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன சார், யானை தப்பிச்சிருச்சா?"

தேர்வு மையத்துக்குப் போனபோது கேட்டை மூடியிருந்தார்கள். எங்கள் கார் எதிர்ப்புறம் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே போய்விட்டாளா, வெளியே எங்காவது உட்கார்ந்து அழுகிறாளா? காவலாளியிடம் கேட்டேன்.

"சேறோட ஒரு பொண்ணுதான? கேட்டைச் சாத்தப் போறப்ப ஓடியாந்துச்சு. கொழாயில கையக் கழுவிட்டு உள்ள போயிருச்சு. உங்களுக்கு என்னங்க ஆகணும்?"

"சம்சாரம்ங்க," என்றேன். அவர் என் சேற்றையும் பார்த்துவிட்டு, "பொருத்தம்தான்," என்றார். நான் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். போவோர் வருவோர் வேறு ஏதோ நினைத்திருப்பார்கள்.

மதியம் வெளியே வந்தவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள், "உராய்வுல ஒரு கேள்வி வந்துச்சுங்க. வாழ்க்கைல மறக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். இவ்வளவு பெரிய மனசுள்ள ஒருத்தி எனக்கு எப்படிக் கிடைத்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சாவியை நான் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. வீடுவரை அவள்தான் ஓட்டினாள்.

தேர்வில் தேறினாள். இப்போது ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. உராய்வுப் பாடம் வரும்போதெல்லாம் என் கதையைத்தான் நடத்துகிறாள். பெயர் சொல்வதில்லை, "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்றுதான் சொல்கிறாளாம். அந்த ஒருவர் யார் என்பதில் எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் இருப்பதாகத் தெரியவில்லை. அவளுக்குச் சாப்பாடு கொடுக்க நான் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றால் போதும், ஒரு கூட்டமே ஓடி வருகிறது.

போன வாரம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "சார், ஒங்க வண்டிக்கு இஞ்சின் எங்கிட்டு இருக்கு?"

"உள்ளே எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கிட்டு இருக்கும்மா. இந்தச் சாப்பாட்டைக் கொடுத்துரு," என்றேன்.