ஆரஞ்சு மரம் நலம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதிக்கொண்டது.

இங்கே எனக்கு இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் நலம். உங்கள் அத்தைக்கு என்னைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே நீங்களும் என் மகளும் எந்தத் 'தவிர'வும் இல்லாமல் நலமாக இருக்க வேண்டும். ஆரஞ்சு மரமும் நலம். அதில் தொங்கும் ஒற்றைப் பழமும் நலம். இந்தக் கடைசி இரண்டு வரிகளை இன்னொரு தடவை படித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அதற்கப்புறம் மேலே படிக்கவும்.

கடிதம் உங்கள் ஆபீஸ் முகவரிக்கு வந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போனில் சொல்லலாம் என்றால், நீங்கள் "சொல்லுங்க மாமா" என்று முடிப்பதற்குள் என் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இது ஸ்பீக்கரில் போடக்கூடிய விஷயம் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் அடுத்த வாரம் வீட்டுக்கு வரும்போது, பண்ணை விளையாட்டில் அந்த மரத்தின் முதல் பழத்தைச் சேர்ந்து பறிக்கப்போகிறீர்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும். நீங்கள் அவளிடம் சம்மதம் கேட்ட அன்றைக்கு நட்ட மரம் அது என்பதும் தெரியும். இந்த இரண்டும் எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்திருந்தால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

நீங்கள் வீடு மாறிப் போகும்போது டிவியில் சொருகி விளையாடுகிற அந்த விளையாட்டுப் பெட்டியை எங்களிடம் விட்டு, "மாமா, சும்மா கிடந்தா வீணாப் போயிடும், அப்பப்ப போட்டு விளையாடுங்க, எது எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க" என்றீர்கள். நான் பதிலுக்கு, "எனக்கெதுக்கு மாப்பிள்ளை இதெல்லாம், நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று கெத்தாகச் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்ப் பெட்டியைப் போட்டேன் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆக, நீங்கள் கேட்டபடி என் அபிப்பிராயங்களை எழுதுகிறேன்.

முதலில் கார் பந்தயம். ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், இதில் நம்மை யார் அசைக்க முடியும் என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. நான் வழக்கப்படி பக்கக் கண்ணாடி, நடுக் கண்ணாடி எல்லாம் பார்த்து, இண்டிகேட்டர் எந்தப் பட்டன் என்று தேடிக்கொண்டிருந்தபோதே மற்ற கார்களெல்லாம் போயே போய்விட்டன. பரவாயில்லை, அவசரக்காரர்கள் என்று விட்டுவிட்டேன். வளைவுகளில் ஹாரன் அடித்தேன், ஒரு சுற்று முடித்துப் பின்னால் வந்தவர்களுக்கு ஒதுங்கி வழி விட்டேன். ஒரு சிவப்புக் கார் என்னை இடித்துவிட்டு நிற்காமல் போனது. ஓரங்கட்டி இறங்கி அடி பட்டிருக்கிறதா என்று பார்ப்போம் என்று எல்லாப் பட்டனையும் அழுத்தினேன், கண்ணாடி துடைக்கிற வைப்பர்தான் ஓடியது. இதற்கு நடுவில் என் வலது கால் சும்மா இருக்கவில்லை. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டல்லவா, இத்தனை வருஷம் அதையே மிதித்து வளர்ந்த கால், எதிரே இருந்த டீப்பாயை மிதித்து மிதித்துச் சுவர் வரைக்கும் கொண்டுபோய்விட்டது. "பிரேக்கு கையிலதானே இருக்கு, டீப்பாய் என்னங்க பண்ணுச்சு?" என்று உங்கள் அத்தை கேட்டாள். கடைசியாகத்தான் வந்தேன், மறைப்பானேன். ஆனால் 'யாரையும் இடிக்காமல் ஓட்டியவர்' என்று ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அந்தப் பதக்கம் உங்கள் கணக்கில் இதுவரை இல்லை என்றும் பெட்டியே காட்டியது. தப்பாக நினைக்க வேண்டாம், என் மகளை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டும்போது கொஞ்சம் பார்த்து ஓட்டவும்.

அடுத்தது கால்பந்து. இதில் ஒரே ஆட்டத்தில் நாலு கோல் போட்டேன். பாதி ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் பக்கம் மாறிக்கொள்ளும் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலில் மூன்று பிற்பாதியில் போட்டது. ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து நின்று கையைத் தூக்க, என் அணி கோல்கீப்பர் மட்டும் தரையைக் குத்திக்கொண்டிருந்தான். சந்தோஷம் தாங்காமல் குத்துகிறான் என்று நினைத்தேன்.

வாள் சண்டை விளையாட்டைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை, ஏனென்றால் அதில் நான் அதிக நேரம் உயிரோடு இருந்ததில்லை. கோட்டை வாசலில் ஆறடி உயரத்துக்கு ஒரு காவல்காரன் நிற்கிறானே, அவனிடம் வழி கேட்கலாம் என்று மரியாதையாகப் பக்கத்தில் போய் நின்றேன். திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. சமையலறையிலிருந்து உங்கள் அத்தை, "என்னங்க, டமால்னு ஒரு சத்தம்?" என்று கேட்டாள்.

"செத்துட்டேன்."

"மறுபடியுமா? சரி, செத்தாச்சுல்ல, வந்து சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

இப்படி எல்லாவற்றிலும் மண்ணைக் கவ்விவிட்டுத்தான் கடைசியாகப் பண்ணை விளையாட்டுக்கு வந்தேன். போகும்போது என் மகள், "அப்பா, அதுல எங்க பண்ணை இருக்கு, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள். போட்டதும் திரையில் பொம்மையாக அவளே நிற்கிறாள், மாப்பிள்ளை! அதே உருண்டை முகம், அதே நெற்றி முடி, தலையில் ஒரு வைக்கோல் தொப்பி. நான் பட்டனைத் தட்டினால் நடக்கிறாள், சொன்ன இடத்தில் தண்ணீர் ஊற்றுகிறாள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை. நிஜத்தில் இவளை ஒரு டம்ளர் கழுவ வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காரட் பிடுங்கினோம், கோழிக்குத் தீனி போட்டோம், வேலியைச் சரிபண்ணினோம். பொழுது சாய்ந்ததும் அவள் வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டாள். வேலை பாதியில் கிடக்கும்போது என்ன தூக்கம் என்று நான் அவளைப் படுக்கவே விடவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளவும், பின்னால் உதவும்.

அப்போதுதான் அந்த வளைவைக் கவனித்தேன். காய்கறி ஏற்ற வருகிற குதிரை வண்டி, வீட்டுக்குப் பின்பக்கம் இருந்து திரும்பும் இடத்தில், சரியாக மூலையில் ஒரு மரம். அந்தப் பக்கம் வண்டி வருவது இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது, இந்தப் பக்கம் ஆள் நிற்பது வண்டிக்காரனுக்குத் தெரியாது. வளைவில் பார்வையை மறைக்கும்படி எது நின்றாலும் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். அதிலும் நடுப்பாதையில் நிற்பது யார்? பெற்ற பெண். கோடரி எந்தப் பட்டன் என்று மட்டும் எனக்கு ஒரே தட்டில் கிடைத்துவிட்டது. மரம் சாய்ந்தது. அதிலிருந்த ஒரே ஒரு ஆரஞ்சுப் பழம் உருண்டு போய்க் கிணற்றடியில் நின்றது. வளைவு இப்போது பளிச்சென்று தெரிந்தது. நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

துவைத்த துணியை எடுத்துக்கொண்டு வந்த உங்கள் அத்தை, திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏங்க, இந்த மூலையில ஒரு மரம் இருந்துச்சே?"

"வெட்டிட்டேன். வண்டி வர்றது தெரியல."

"அய்யோ, மாப்பிள்ளை நம்ம பொண்ணுகிட்ட சம்மதம் கேட்டப்போ நட்ட மரங்க அது! இப்பத்தான் மொதல் பழம் விட்டிருக்கு, ரெண்டு பேரும் வந்துதான் பறிக்கணும்னு அவ தொடாம வெச்சிருக்கா!"

"இதெல்லாம் எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா நீங்க 'மரத்தடியில என்ன பேச்சு, வீட்டுக்கு வந்து பேசக் கூடாதா'ன்னு கேப்பீங்க. அதான் சொல்லல."

கேட்டிருப்பேன்தான். அதற்காக இப்படியா? என் மகளை அந்த வெட்டின மரத்தைச் சுற்றிச் சுற்றி நடக்க வைத்தேன், மேலே தண்ணீர் ஊற்ற வைத்தேன், பழத்தை எடுத்து ஒட்ட வைக்க ஏதாவது வழி உண்டா என்று பார்த்தேன். அவள் பாவம், கொட்டாவி விட்டுக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் செய்தாள். இந்தக் கலவரத்தில் உங்கள் அத்தை, "இனிமே என்னத்தப் பாத்து என்ன ஆகப்போகுது" என்று பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் அயர்ன் பாக்ஸைச் சொருகி என் யூனிபார்ம் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தாள். திரை கறுப்பாகிவிட்டது. மரமும் போச்சு, பண்ணையும் போச்சு என்று நான் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பெட்டிப் பக்கமே போகவில்லை. உங்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கூடப் பார்த்தேன், எந்த முழியும் சரியாக வரவில்லை.

மறுநாள் காலையில் என்னிடம் கார் பழக வருகிற பல் டாக்டரம்மாவுக்கு வகுப்பு. ரவுண்டானாவை நெருங்கும்போது நான் கியரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்ததிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன சார், இன்னிக்கு திட்டவே இல்ல? உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லம்மா. நேரா பாத்து ஓட்டுங்க."

"சும்மா சொல்லுங்க சார், வலிக்காது."

அப்படிக் கேட்டால் யார்தான் வாயைத் திறக்க மாட்டார்கள்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "அட, அந்தப் பண்ணையா? என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, பதினோரு மாடு வெச்சிருக்கேன்" என்றார். அப்புறம் நோயாளியைக் கேட்பது போலக் கேட்டார்.

"வெட்டினதுக்கு அப்புறம் அந்தப் பொண்ண தூங்க வெச்சீங்களா?"

"இல்லையே. கொட்டாவி விட்டா, நான்தான் படுக்க விடல."

"அப்ப ஏன் சார் அழறீங்க? அந்த விளையாட்டுல படுத்துத் தூங்கினாத்தான் அன்னிக்கு நடந்தது பதிவாகும். தூங்காம அணைச்சா காலையில எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்பிடும். உங்க மரம் அங்கயேதான் நிக்கும்!"

சந்தோஷத்தில் நான் என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன், மாப்பிள்ளை. ரவுண்டானாவுக்கு நட்டநடுவில். பின்னால் எத்தனை ஹாரன் உண்டோ அத்தனையும் ஊதின. "சார், நான் ஒண்ணும் பண்ணல!" என்று டாக்டரம்மா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "கையை எடுக்காதீங்கம்மா! இன்னிக்கு பாடம் வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்துறது. யார் வீடு? என் வீடுதான், போங்க!" என்றேன். வந்து சேர்ந்ததும் வண்டி நிற்கும் முன்பே இறங்கி ஓடினேன். நான் பக்கத்தில் இல்லாததால் அவர் முதல் தடவையாக ஒழுங்காக நிறுத்தியிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

பெட்டியைப் போட்டேன். வைக்கோல் தொப்பியோடு என் மகள் வந்து நின்றாள். வீட்டுக்குப் பின்னால் போனேன். மூலையில், வளைவை முழுசாக மறைத்துக்கொண்டு, ஆரஞ்சு மரம்! அதில் பழம்! நான் சரிபண்ணின வேலியெல்லாம் மறுபடி உடைந்து கிடந்தது, பிடுங்கின காரட்டெல்லாம் மறுபடி மண்ணுக்குள் இருந்தது, அது கிடக்கட்டும். "தூக்கம்! எல்லாம் தூக்கத்துலதான் இருக்கு! டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க!" என்று கத்திக்கொண்டே கூடத்துக்கும் சமையலறைக்கும் ஓடினேன். அயர்ன் பாக்ஸ் இருந்த திசை நோக்கி மனதுக்குள் ஒரு வணக்கமும் போட்டேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. நல்ல பெட்டி. என் காரைப் போலவே அதிலும் ஒரு இரண்டாவது பிரேக் வைத்திருக்கிறார்கள். உங்கள் மரத்தின் நிழலில் ஒரு இலைகூடக் குறையவில்லை. வண்டிக்காரன் வரும் நேரத்தில் மட்டும் அவளைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லவும். நீங்கள் வந்து முதல் பழத்தைப் பறிக்கும்போது நானும் உங்கள் அத்தையும் பின்னால் சோபாவில் உட்கார்ந்து பார்ப்போம், பேச மாட்டோம். இருவரும் இன்று போல் என்றும் ஒருவருக்கொருவர் வழி விட்டு, இடிக்காமல், ஹாரன் இல்லாமல் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். இந்த விஷயம் மட்டும் என் மகளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
எப்போதும் உங்கள் பக்கத்து இருக்கையில் இருக்கும்
மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடி நான் கடைக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் அத்தை, பிழைத்து வந்த மரத்தை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாம் என்று பெட்டியைப் போட்டு ஒரு பட்டனைத் தட்டியிருக்கிறாள். பழம் கையோடு வந்துவிட்டது. திரும்ப வைக்கலாம் என்று அதே பட்டனை மறுபடி தட்டினாளாம். என் மகள் அதைத் தின்றுவிட்டாள். தலைக்கு மேல் இதயம் இதயமாகப் பறந்ததாம், ரொம்ப ருசி போலிருக்கிறது. நான் வந்து, "சரி, பிளக்கைப் பிடுங்கினியா?" என்றேன். "எதுக்குப் பிடுங்கணும்? தூக்கத்துலதான் எல்லாம் இருக்குன்னு நீங்கதானே குதிச்சீங்க? அதான் மொதல் வேலையா அவள நல்லா போர்த்தி தூங்க வெச்சுட்டேன், காலையில சரியாயிடும்" என்றாள். இப்போது போய்ப் பார்த்தேன். மரம் நலம். நான் எழுதியதில் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும். அத்தையிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், அவள் இன்னும் காலைக்காகக் காத்திருக்கிறாள். நியாயமாகப் பார்த்தால் பழத்தைத் தின்றது உங்கள் மனைவி, அதை நீங்கள் இருவரும் உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளவும்.