சம்பந்தி வீட்டு மோட்டாரும் சேலத்துத் தண்ணீரும்

பெரியதோட்டம், எருமப்பட்டி,
வெகுதானிய வருஷம், மாசி மாதம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை மோட்டார் பட்டறை முதலாளி மகாராஜராஜஸ்ரீ சுவாமிநாதன் அவர்கள் சமூகத்திற்கு, எருமப்பட்டி நாச்சிமுத்து அநேக வந்தனங்களுடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் குடும்பத்தாரும் மாடு கன்றுகளும் சௌக்கியம். தாங்களும் தங்கள் பட்டறையும் நீடூழி வாழவேண்டும் என்று நாமக்கல் ஆஞ்சநேயரிடம் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். நேற்றுத் தங்கள் கடிதம் வந்தது. படித்துப் பார்த்துவிட்டு, அந்த வேண்டுதலில் பட்டறையை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

என்ஜின் பிளாக்கில் விரிசல் விட்டதற்குத் தாங்கள் பொறுப்பாளி அல்ல என்றும், ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளையாக ஏதோ கட்டி கட்டியாக அடைத்திருந்தது என்றும், அதனால் தண்ணீர் ஓடாமல் என்ஜின் கொதித்து வெடித்துவிட்டது என்றும், அந்த வெள்ளைக் கட்டி புளித்த வாடை அடித்தது என்றும், அதில் கறிவேப்பிலை ஒன்று இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, தாங்கள் பெரிய மனிதர். மோட்டார் என்ஜினுக்குள் கறிவேப்பிலை இருந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பினால், படிக்கிறவன் தங்களைப் பற்றி என்ன நினைப்பான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா?

அந்த மோட்டார் என்னுடையது அல்ல. என்னுடையதாக இருந்தால் போகட்டும் கழுதை என்று ஒரு ஜோடிக் காளையைப் பூட்டி ஓட்டிக்கொண்டு போயிருப்பேன். அது எனக்குச் சம்பந்தியாக வரப்போகிற இராசிபுரம் காளியப்பனுடையது. என் மகள் சாரதாமணியை அவர் மகனுக்குப் பேசியிருக்கிறது. மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் வரவேண்டும் என்று, வழக்கத்துக்கு மேலேயே மரியாதை செய்து, டிரைவரோடு தம் காரை எருமப்பட்டிக்கு அனுப்பிவைத்தார். ஊரே தோட்டத்து வாசலில் கூடி நின்று பார்த்தது. நானும் என் சம்சாரம் செல்லாயியும் ஏறி உட்கார்ந்தோம். நாமக்கல் தாண்டுகிற வரைக்கும் நான் வெளியே தலையை நீட்டி, தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தேன். அந்தக் கும்பிடுகளை நினைத்தால் இப்போது கை கூசுகிறது.

புதன்சந்தை வந்ததும் வண்டி மூக்கில் புகைவிட்டது. டிரைவர் இறங்கி, மூடியைத் திறந்து, தண்ணி சுண்டிப்போச்சு என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றைத் தேடிப் போனான். நான் வெயில் தாங்காமல் புளியமரத்தடியில் துண்டை விரித்துக் கண்ணயர்ந்தேன். செல்லாயி வண்டிக்குக் காவல். டிரைவர் தண்ணீரோடு திரும்பி வந்து பார்த்தால் ரேடியேட்டர் ஏற்கெனவே கழுத்துவரை நிறைந்திருக்கிறது! புதன்சந்தைக்காரர்கள் தர்மவான்கள். வாடி நிற்கிற வண்டியைக் கண்டு யாரோ புண்ணியவான் ஊற்றிவிட்டுப் பேர் சொல்லாமல் போயிருக்கிறான் என்று நான் அவனை மனதார வாழ்த்தி ஏறி உட்கார்ந்தேன். ஒரு மைல் போயிருக்காது, உள்ளே பத்துப் பேர் உலக்கை போடுகிற மாதிரி சத்தம் கேட்டது, வண்டி நின்றது. இதுவரை என்ஜின் முழுசாக இருந்தது என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். சத்தம்தான் போட்டதே தவிர உடையவில்லை. என் சம்சாரமும் சத்தம் போடுகிறவள்தான், இன்றுவரை உடையவில்லை.

சேலம் பஸ்ஸில் போன ஒருவரிடம் சொல்லிவிட்டோம். "வழியில் நின்ற மோட்டாரை வந்து மீட்டுத் தருவோம்" என்று தாங்கள் போர்டு எழுதி மாட்டியிருப்பதை நம்பித்தான். தங்கள் ஆள் சின்னராஜ் லாரியோடு வந்தான். வந்தவன் வண்டியை முதலில் தொட்டுப் பார்த்தானா? இல்லை. "ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தத்தக் கேக்கோணும்" என்றான். ஆறி அடங்கிக் கிடந்த என்ஜினை உசுப்பிவிட்டு, அது புகைந்து கருகுகிற வரைக்கும் காதை வைத்துக் கச்சேரி கேட்கிறவன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். அப்புறம் லாரியில் சேலத்திலிருந்து கொண்டுவந்த தகர டின் தண்ணீரை எடுத்துக் கொதிக்கிற என்ஜின் தலையில் கொட்டினான். டப் என்று ஒரு சத்தம். நான் கேட்டேன், டிரைவர் கேட்டான், எதிர்க்காட்டில் மேய்ந்த எருமை கேட்டுத் திரும்பிப் பார்த்தது.

"என்னப்பா சத்தம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க, சூடு எறங்குது" என்றான்.

சூடு இறங்கவில்லை ஐயா, என் மானம் இறங்கியது. விரிசல் விட்டது அந்த நிமிஷம்தான். காய்ந்த சட்டியில் பச்சைத் தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊரில் நேற்று அடுப்படிக்குப் போன பெண்ணுக்குக்கூடத் தெரியும்.

அந்த வெள்ளைக் கட்டிக்கு வருகிறேன். உங்கள் ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது? சுண்ணாம்புக் கரடு. மலையே வெள்ளை, மண்ணே வெள்ளை, தண்ணீர் மட்டும் எப்படி இருக்கும்? அந்தத் தகரத் தண்ணீர் உள்ளே போய்க் காய்ந்து கட்டியாகிவிட்டது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? புளித்த வாடைக்கும் காரணம் சொல்கிறேன். தங்கள் சின்னராஜ் வேலைக்கு நடுவே தூக்குப்போசியைத் திறந்து என்ஜின் மேலேயே வைத்துத் தயிர்ச்சோறு சாப்பிட்டான். கறிவேப்பிலை அதிலிருந்து விழுந்ததா, சந்தைக் காற்றில் பறந்து வந்ததா என்பதைத் தாங்களே விசாரித்துக்கொள்ளவும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அதற்கப்புறம் அவன் செய்ததைத்தான் ஏழு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். காரைக் கயிற்றில் கட்டினான். நாங்கள் எங்கே போவது என்று கேட்டதற்கு, உள்ளேயே குந்துங்க, இராசிபுரத்துக்குப் பிரிகிற ஆண்டகளூர்க் கேட்டில் இறக்கிவிடுகிறேன் என்றான். கேட்டில் சம்பந்தி வீட்டார் உறவு ஜனத்தோடு, மாலையோடு, மேளத்தோடு காத்து நின்றார்கள். லாரி நிற்கவில்லை! "நிறுத்துப்பா, நிறுத்துப்பா" என்று நான் கத்தியது லாரி சத்தத்தில் அவன் காதில் விழவில்லை. மேளக்காரர் எங்களைக் கண்டதும் பலமாக வாசிக்க ஆரம்பித்தார். காளியப்பன் மாலையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். நாங்கள் அவரைப் பார்த்துக் கும்பிட்டபடியே அவரைக் கடந்து போனோம். கொஞ்ச தூரம் மாலையோடு பின்னாலேயே ஓடிவந்து பார்த்து, அப்புறம் நின்றுவிட்டார். மாப்பிள்ளை வீடு பார்க்கப் புறப்பட்ட நாங்கள் அன்றைக்குப் பார்த்தது செவ்வாய்ப்பேட்டையில் தங்கள் பட்டறையைத்தான். பட்டறை விசாலமாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே பெண் கொடுப்பதாக எங்களுக்கு உத்தேசமில்லை.

காளியப்பன் மறுநாள் டிரைவரிடம் சொல்லியனுப்பினார்: "வண்டி அவிங்களால கெட்டுதா, பட்டறைக்காரனால கெட்டுதான்னு எழுத்துல வரட்டும். ஒரு வண்டியப் பாத்துக்கத் தெரியாதவிங்க புள்ளைய எப்படி வளத்தியிருப்பாங்க?" இதைக் கேட்டதிலிருந்து சாரதாமணி சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போயிருக்கிறது, வாய்விட்டுச் சொல்லமாட்டாள். பெற்றவன் எனக்குத் தெரியாதா? எனக்கு நஷ்ட ஈடு ஒன்றும் வேண்டாம். "விரிசலுக்குக் காரணம் எங்கள் பட்டறை ஆள் ஊற்றிய தண்ணீரே, எருமப்பட்டியார் மேல் ஒரு குற்றமும் இல்லை" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். மறுத்தால் நாமக்கல்லில் வக்கீல் வைத்துத் தங்களைக் கோர்ட்டுப் படியேற்றுவேன். என் பெண்ணின் வாழ்வு தங்கள் பேனா முனையில் இருக்கிறது.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். சின்னராஜுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
நாச்சிமுத்து

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் வழக்கம்போல் கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். வெள்ளைக் கட்டி வந்த இடத்தில் செல்லாயி குறுக்கிட்டு, "ஏனுங்க, அது மோருங்க" என்றாள்.

"என்ன மோர்?"

"நாந்தானுங்க ஊத்துனேன். நீங்க தூங்கிப்போட்டீங்க. சம்மந்தி ஊட்டு வண்டி, நம்மளச் சொமந்துக்கிட்டு வந்து நடு ரோட்டுல வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. அதுக்குப் போயி வெறுந்தண்ணி ஊத்துனா நாளைக்கு அவிங்க என்ன பேசுவாங்க? வழிக்குக் கொண்டாந்த மோரு ஒரு கலயம் இருந்துது, ஊத்திப்போட்டேன். தாளிச்ச மோருங்க."

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சமயம் பார்த்துக் காளியப்பனின் சம்சாரம் முத்தாயம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கி நேரே வீட்டுக்குள் நுழைந்தாள். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நான் ஜாடை காட்டக் காட்ட, செல்லாயி ஒன்று விடாமல் அவளிடம் ஒப்பித்துவிட்டாள். முத்தாயம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஊட்டு வண்டிக்கே மோரு ஊத்துன கையி வளத்த புள்ள, எம் பையனைப் பட்டினி போடுமா? வைகாசில கண்ணாலத்த வெச்சுக்கலாம் சாமி" என்று சாரதாமணியைக் கட்டிக்கொண்டாள். பெண் இன்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

ஆனால் காளியப்பன் சந்தேகப் பிராணி. மோட்டாருக்கு யாராவது மோர் ஊற்றுவார்களா, சம்பந்தத்தைக் காப்பாற்ற இவர்கள் கட்டிய கதை என்றுதான் அவர் சொல்லுவார் என்று முத்தாயம்மாளே எச்சரித்தாள். ஆகவே மேலே உள்ளதைத் தாங்கள் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்துத் தண்ணீர் தேவாமிர்தம். சின்னராஜ் தங்கமான பையன். விரிசலுக்கு முழுக் காரணம் எங்கள் வீட்டு மோர்தான் என்று கையெழுத்துப் போட்டு, அந்தக் கறிவேப்பிலையையும் பத்திரமாக உறையில் வைத்து உடனே அனுப்பவும். குற்றம் தங்கள் பட்டறையுடையது என்று மறந்துபோய் ஒரு வரி எழுதினாலும் கோர்ட்டில்தான் சந்திப்போம்.

இன்னொன்று. எழுதும்போது நீர்மோர் என்று எழுதிவிடாதீர்கள், சம்பந்தி வீட்டில் கேவலமாகப் போய்விடும். கெட்டி மோர் என்றே எழுதவும்.