முப்பது கொடுக்கும் என்று சொன்ன வண்டி

கள்ளக்குறிச்சி,
5.3.2023

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை நூர் முகமது அவர்களுக்கு, உங்கள் மாமனார் தஸ்தகீர் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. குவைத்தில் நீங்களும் மகள் மெகருன்னிசாவும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க தினமும் துஆ செய்கிறோம். இங்கே நானும் உங்கள் மாமியாரும் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனா தயங்குகிறது. என் இடுப்பு இன்னும் நேராகவில்லை.

போனில் பேசாமல் இவர் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் உங்கள் குரலைக் கேட்டதும் "ஆமாங்க மாப்ள, சரிங்க மாப்ள" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வருவதில்லை. மரியாதை குறுக்கே நிற்கிறது. பக்கத்துத் தெரு முகம்மது கவுஸ் நாளை மறுநாள் குவைத்துக்குப் புறப்படுகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து படிக்கவும். விஷயம் உங்கள் மோட்டார் சைக்கிளைப் பற்றியது.

போன வருஷம் லீவு முடிந்து கிளம்பும்போது அதை என் வாசலில் நிறுத்திவிட்டு நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "மாமா, இது டூரிங் பைக். டேங்க் பதினஞ்சு லிட்டர். லிட்டருக்கு முப்பது குடுக்கும். ஒரு தடவ ரொப்பினா நானூத்தம்பது கிலோமீட்டர் திரும்பிப் பாக்க வேணாம். சும்மா நிறுத்தி வெச்சா பேட்டரி பூடும், அப்பப்ப ஓட்டுங்க." நான் முப்பது வருஷமாக ஜவுளிக்கடை நடத்துகிறவன். மீட்டர் விஷயத்தில் இதுவரை யாரும் என்னை ஏமாற்றியதில்லை. ஆனால் சொன்னவர் மருமகன் ஆயிற்றே என்று நம்பினேன். முப்பது பெருக்கல் பதினைந்து, நானூற்றைம்பது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அந்த வண்டியை எங்கே நிறுத்தினாலும் நாலு பேர் கூடிவிடுகிறார்கள். இன்ஜின் என்ன, எந்த ஊர்த் தயாரிப்பு என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஒரே கேள்விதான்: "பாய், எவ்ளோ குடுக்குது?" வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுகூடக் கேட்கிறார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்தி, முப்பது என்று சொல்லிவந்தேன். நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன். சொன்னவர்களுக்கெல்லாம் இப்போது எந்த முகத்தைக் காட்டுவது?

நடந்ததைக் கேளுங்கள். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வீரமுத்து என்பவர் போன செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு வந்து மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்தார். முகூர்த்தம் வியாழக்கிழமை விடியற்காலை. கூறைப்புடவையை உங்கள் மாமியாரே கடைக்கு வந்து தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள், அரக்கில் பச்சைக் கரை. எல்லாவற்றையும் நானே என் கையால் பைகளில் போட்டேன். புதன்கிழமை மதியம் சோற்றில் கை வைக்கிற நேரம் போன் வந்தது. பேசியது வீரமுத்து சம்சாரம் சின்னப்பொண்ணு. "பாய், இன்னா பாய் குடுத்தனுப்பிகிறீங்க? பைய தொறந்தா பூராவும் துண்டா இருக்குது! பொண்ணு துண்டையா கட்டிக்கினு மணையில உக்காரும்?" அதற்குமேல் பேச முடியாமல் அந்தம்மா அழுதுவிட்டது. திரும்பிப் பார்த்தால் கூறைப்புடவை என் மேஜைக்கடியில் பத்திரமாக இருக்கிறது. வேறு யாரோ வாங்கிய துண்டுப் பை மலைக்குப் போய்விட்டது. தப்பு என் கடையுடையது. அதை நான் மறுக்கவில்லை. மலைக்குப் போகிற அடுத்த பஸ் சாயங்காலம்தான், அதுவும் வரும் என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். ஒரு பெண்ணின் முகூர்த்தம் என் கையில் இருக்கிறது. "கவலப்படாதீங்கம்மா, நானே எடுத்துக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு உங்கள் வண்டியை வெளியே இழுத்தேன். புடவையை வண்டியின் பின்பெட்டியில் வைத்தால் கசங்கும், மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன் என்று உங்கள் மாமியாரும் ஏறிக்கொண்டாள்.

டேங்கை ரொப்பிய நாளிலிருந்து ஓட்டியதையெல்லாம் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். உளுந்தூர்பேட்டை ஒரு தடவை, தியாகதுருகம் நாலு தடவை, ஊருக்குள் சில்லறைச் சுற்றல், ஆக இருநூற்றுப் பத்து. நானூற்றைம்பதில் அது போக மிச்சம் இருநூற்று நாற்பது. மலைக்குப் போக வர தொண்ணூறு. கணக்குத் தெளிவாக இருந்தது. வழியில் முதல் பங்க் வந்தது. "இன்னாங்க, கொஞ்சம் ரொப்பிக்கினு போயிடலாமே" என்றாள். "இருநூத்தி நாப்பது கிலோமீட்டர் கையில இருக்குது, பேசாம வா" என்றேன். இரண்டாவது பங்க்கிலும் சொன்னாள். கச்சிராயபாளையத்தில் மூன்றாவது பங்க்கைத் தாண்டும்போது என் முதுகில் ஒரு இடி மட்டும் இடித்தாள். நான் உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு வண்டியை நிறுத்தவில்லை மாப்பிள்ளை. அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் மீட்டரில் பெட்ரோல் பம்பு படம் ஒன்று விட்டு விட்டு எரிந்தது. பக்கத்தில் பங்க் இருக்கிறது என்று காட்டுகிறதாக்கும், எவ்வளவு வசதி செய்து வைத்திருக்கிறான் என்று நான் மெச்சிக்கொண்டேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி இரண்டு தடவை இருமியது. மூன்றாவது இருமலில் அடங்கிப்போனது. டேங்க் மூடியைத் திறந்து, ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. டைரிப்படி இன்னும் இருநூறு கிலோமீட்டர் அதற்குள் இருக்க வேண்டும்! அதை நான் டைரியைப் பிரித்துக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போதே, பலாப்பழமும் ஆட்களுமாக ஒரு ஜீப் வந்தது. உங்கள் மாமியார் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து அதை மறித்தாள். ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம் என்றார் டிரைவர். நான் புடவைப் பைக்குக் கை நீட்டினேன். "நீங்க போயி இன்னா பண்ணப் போறீங்க? இந்தத் தடவயும் துண்டு போயிடாம நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பலாப்பழங்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்து போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு மணி நேரம் இருக்கும். இருநூறு கிலோ இரும்பைத் தள்ளினேன், நிறுத்தினேன், மறுபடியும் தள்ளினேன். குரங்குகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. கடைசியில் மொபெட் ஒன்று மூன்று மரவள்ளி மூட்டையைச் சுமந்துகொண்டு என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது. ஓட்டியவர் பெயர் ராமசாமியாம். என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பாய், இம்மாம் பெரிய டேங்கி, பெட்ரோலு இல்லியா?"

"தீந்துபோச்சுங்க."

"எவ்ளோ குடுக்குது?"

மாப்பிள்ளை, அந்த நிலைமையிலும் ஒரு மனிதன் இதைக் கேட்பானா? "என்னுது அறுவது குடுக்குது பாய்" என்று அவரே சொல்லிவிட்டு, தன் வண்டி டியூபை உருவி, என் தண்ணீர் பாட்டிலில் முக்கால் அளவு பெட்ரோல் பிடித்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றுவிட்டார். உங்கள் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பொழுது சாயும் நேரத்தில் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். உங்கள் மாமியார் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, பெண்கள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூறைப்புடவையை ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். வீரமுத்து ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எம் பொண்ணு மானத்தக் காப்பாத்திட்டீங்க பாய்" என்றபோது குரல் உடைந்துபோனது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. சரி, பட்ட பாட்டுக்கு இது போதும் என்று உட்கார்ந்தேன்.

உட்காரவிட்டால்தானே! மாப்பிள்ளை வீட்டுக்காரர் அரங்கநாதன் என்று ஒருவர், மீசை வைத்த பெரிய மனிதர், பந்தலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார். "வண்டி பாதி வழியில நின்னுபோச்சாமே பாய்? உங்க மருமவனுதாமே? எவ்ளோதான் குடுக்குது?" ஐம்பது பேர் என் வாயையே பார்த்தார்கள். உங்கள் மாமியாரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். பதினைந்து லிட்டரும் இருநூற்று நாற்பது கிலோமீட்டரில் தீர்ந்த கணக்குப்படி, பதினாறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்கள் முகம் கண்முன்னால் வந்தது. எங்கள் மகளை ஒப்படைத்த வீட்டுப் பிள்ளை சொன்ன வார்த்தை, முன்பின் தெரியாத பந்தலில் பொய்யாகிப் போவதா?

"முப்பது குடுக்குதுங்க. நான்தான் ரொப்ப மறந்துட்டேன்" என்றேன்.

உங்கள் மாமியார் ஜீனத்துன்னிசாவைக் கட்டி முப்பத்தோரு வருஷத்தில் அவள் முன்னால் நான் ஒப்புக்கொண்ட முதல் தப்பு அது. அதுவும் என் தப்பு இல்லை! அவள் தன் பாயசத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். மறுநாள் முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. வீரமுத்து பெட்ரோல் பிடித்துக் கொடுத்தார். ஊர் திரும்பினோம்.

ஆனால் மரியாதை வேறு, நியாயம் வேறு. பதினாறு கொடுக்கிற வண்டியை முப்பது என்று சொல்லி ஒரு வயதான மனிதனை மலையில் தள்ளவிட்டீர்கள். இனி அந்த வண்டியில் நான் ஏறமாட்டேன். அதைப் பார்த்தாலே இடுப்பு வலிக்கிறது. உங்கள் நண்பர் யாரையாவது அனுப்பி உடனே எடுத்துக்கொண்டு போகச் சொல்லவும், இல்லையென்றால் விற்றுவிட எனக்கு அனுமதி கொடுக்கவும்.

வார்த்தை ஏதாவது தடித்திருந்தால் மாமனார் என்று பொறுத்துக்கொள்ளவும். பேரனுக்கு என் முத்தம், மெகருன்னிசாவுக்கு எங்கள் துஆ. உங்கள் ஆயுளும் சம்பாத்தியமும் குறைவில்லாமல் பெருக அல்லாஹ் அருள் புரிவானாக.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
தஸ்தகீர்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், வண்டியில் என்ன கோளாறு என்று எழுத்தில் வாங்கி இத்துடன் வைக்கலாம் என்று மெக்கானிக் பழனியிடம் எடுத்துப்போனேன். என்னைப் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். அந்த வண்டிக்கு ஆறு கியராமே மாப்பிள்ளை! என் பழைய வண்டிக்கு நாலு. இத்தனை மாதமாக நான் நாலோடு நிறுத்திக்கொண்டேன். நேற்று ஆறையும் போட்டு விழுப்புரம்வரை போய்வந்தேன். முப்பத்தொன்று கொடுக்கிறது. மலையில் ஆறாவது கியர் போட முடியாது என்று பழனியே சொல்வதால், மலையில் நடந்தது உங்கள் தப்புதான். அதில் மாற்றம் இல்லை. வண்டியை விற்க வேண்டாம், ஆளும் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதம் நாகூர் போகலாம் என்று உங்கள் மாமியார் சொல்கிறாள். கியர் விஷயம் மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம். குவைத்திலிருந்து நீங்கள் போனிலேயே சரிசெய்துவிட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.