கோட்டுக்குள் மின்சாரம்

வலியில் வந்து போகும் வலி ஒன்று. வந்து குடியேறிவிடும் வலி இன்னொன்று. என் இடுப்பில் இருப்பது இரண்டாம் ரகம். ஏழு வருடமாகக் குடியிருக்கிறது. வாடகை கிடையாது. காலி செய்யச் சொன்னால் இடது காலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. இது தீரும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதோ தீர்ந்துபோனது. ஆனாலும் ஒரே ஒரு நாளைக்கு மட்டும் அது என்னை விட்டுவைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது என் மகள் ஜெமிமாவின் கல்யாண நாள்.

எங்கள் சபையில் கல்யாணப் பெண்ணை அப்பாதான் கைபிடித்து, ஆலய வாசலிலிருந்து பீடம் வரை நடத்திக்கொண்டு போக வேண்டும். “இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார்?” என்று போதகர் கேட்பார். “நான்” என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல்தான். ஆனால் நடுவழியிலேயே எனக்குக் கால் மரத்துப்போகும்.

என் தம்பி சாமுவேல் தினமும் சேலையூர் ஏரியைச் சுற்றி ஓடுகிறவன். “அண்ணே, நீ கஷ்டப்படாத. நான் கூட்டிட்டுப் போறேன். கோட்டுகூட தச்சாச்சு” என்றான். (நான் இன்னும் முடியாது என்றே சொல்லவில்லை. அதற்குள் கோட்டு!)

அன்றிலிருந்து எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறி, தாம்பரத்தில் பிசியோதெரபிக்குப் போனேன். ஒரு தடவைக்கு நானூறு ரூபாய். மேம்பாலப் படிகளில் முழங்காலுக்கு ஆகும் சேதாரம் தனி. அங்கே இருந்த பெண் என்மேல் இரக்கப்பட்டு, “அங்கிள், டென்ஸ்னு சின்ன மெஷின் இருக்கு. வாங்கிட்டா வீட்லயே வச்சுக்கலாம்” என்றாள்.

பழைய செல்போன் அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒயர்கள், ஒயர் நுனிகளில் ஒட்டும் பட்டைகள். பட்டைகளை இடுப்பில் ஒட்டிக்கொண்டு குமிழைத் திருகினால், மெல்லிய மின்சாரம் எறும்பு ஊர்வதுபோல ஊரும். அந்தக் குறுகுறுப்பில் வலி கொஞ்ச நேரம் தன்னை மறந்திருக்கும். விலை இரண்டாயிரத்து எண்ணூறு. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காசு தருவோம் என்று காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். இரண்டாயிரத்து எண்ணூறை நானூறால் வகுத்தேன். ஏழே தடவையில் போட்ட முதல் திரும்பிவிடும். (கணக்குப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். எல்லாவற்றையும் எதாலாவது வகுத்துவிடுவேன்.) வாங்கிவிட்டேன்.

வகுக்க மறந்தது பட்டைகளை. கொஞ்ச நாளில் அவற்றின் பசை போய்விடும். புதிய பாக்கெட் முந்நூற்றைம்பது. நான் பழைய பட்டைகளில் தண்ணீர் தடவி, டிபன் பாக்ஸில் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்துப் பிழைப்பை ஓட்டினேன். “இட்லி மாவு பக்கத்துல உங்க முதுகை வைக்காதீங்க” என்று என் மனைவி கத்துவாள். பசைக்கு வேறு ஏதாவது உண்டா என்று கேட்கப் போனபோது மருந்துக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சார், இது இன்னா சோப்பா, தேயிற வரைக்கும் யூஸ் பண்ண?” என்றார்.

ஆனாலும் மெஷின் வேலை செய்தது. குமிழை மூன்றில் வைத்தால் நடக்க முடிந்தது. அணைத்தால், டீ குடிக்கப் போன வலி திரும்பி வந்துவிடும். எனவே ஒரு முடிவுக்கு வந்தேன்: மெஷினைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டே மகளை அழைத்துப் போவது. வீட்டுக்கூடத்தில் ஒத்திகையும் பார்த்தேன். பிரமாதம். சாமுவேலுக்கு போன் செய்து, “கோட்டுக்கு அந்துருண்டை போட்டு வைடா” என்றேன்.

பிசியோதெரபிப் பெண் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். “ஒண்ணுமே தெரியலைன்னா குமிழைத் திருகாதீங்க அங்கிள். முதல்ல பட்டை ஒட்டியிருக்கான்னு பாருங்க.”

கல்யாணம் மே மாதத்தில். கோட்டு மாட்டும் முன் என் மனைவி அரை டப்பா பவுடரை என் முதுகில் கொட்டினாள். “வேர்த்து ஊத்தும்ங்க. வீடியோல அசிங்கமா இருக்கும்.” அந்தப் பவுடரின் மேல்தான் பட்டைகளை ஒட்டினேன். அதுவும் பழைய பட்டைகளை. புதிய பாக்கெட் பீரோவில் பிரிக்காமல் இருந்தது. ஏதாவது முக்கியமான நாளுக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருந்தேன். (சிரிக்க வேண்டாம்.)

ஆலய வாசலில் குமிழைத் திருகினேன். மூன்று. ஒன்றும் தெரியவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. எட்டில் ஒரு கிழட்டு எறும்பு அசைந்த மாதிரி இருந்தது. போதும் என்று, அப்படியே விட்டுக் கோட்டுப் பொத்தான்களை மாட்டினேன். ஆர்கன் ஆரம்பித்தது.

“அப்பா, முடியுமா?” என்றாள் ஜெமிமா.

“வாம்மா. இதுக்குத்தானே இத்தனை நாள்.”

பாதி தூரம் ராஜாபோல நடந்தேன். அதன் பிறகு வேர்த்தது. பவுடர் கரைந்து குழம்பாகி, பட்டைகள் முதுகில் அப்பிக்கொண்டன. எட்டில் வைத்த மின்சாரம் முழுதாக வந்து சேர்ந்தது. அது எறும்பு இல்லை, தேள். என் இடது கால் என்னைக் கேட்காமல் எழும்பி எழும்பி இறங்கியது. உதடு நடுங்கியது, கண்ணில் நீர். “பாவம் மாமா, பொண்ணைப் பிரியறதுன்னா சும்மாவா” என்று சாமுவேலின் மனைவி விசும்பினாள். அவளைப் பார்த்து இரண்டு வரிசை அழுதது.

எப்படியோ பீடத்துக்கு வந்துவிட்டேன். போதகர் கேட்டார். “இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார்?”

“ஐயோ!” என்றேன். “ஐயய்யோ!”

போதகர் புத்தகத்தைத் தாழ்த்தி, “ஐயா… ஏதாவது ஆட்சேபணையா?” என்றார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றுவிட்டார். “எங்க ஆல்வினைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா? இப்பவே சொல்லுங்க!”

பொத்தான் அவிழவில்லை. “ஆஃப்… ஆஃப்…” என்று முனகினேன். ஜெமிமாவுக்குப் புரிந்துவிட்டது. முக்காட்டைத் தள்ளிவிட்டு, என் கோட்டுக்குள் கையை விட்டு, ஒயரோடு பெட்டியைப் பிடுங்கினாள். மணப்பெண் கையில் ஒயர் தொங்கும் பெட்டியைக் கண்டதும் முன்வரிசைப் பெரியவர் இருவர் பைபிளை மறந்து பின்வாசலுக்கு ஓடினார்கள்.

மின்சாரம் நின்றது. வலி வந்தது. ஏழு வருட பாக்கியும் ஒரேயடியாக. முழங்கால் மடங்கியது. “ஆல்வின், பிடிங்க!” என்று அலறி, என் வலது கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தாள் ஜெமிமா. கையும் கையும் சேரும் நொடிக்காகக் காத்திருந்த போட்டோக்காரர் அமுக்கிவிட்டார்.

“நான்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பின்னாலிருந்து புதுக் கோட்டு ஒன்று எழுந்தது. “நாங்க கொடுக்கறோம் பாஸ்டர்!”

சாமுவேல்தான். இவ்வளவும் எந்த ஒரு சொல்லுக்காகவோ, அதை அவன் சொல்லிவிட்டான். மீதிக் கல்யாணத்தை நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

மகள் தன் அப்பாவை மாப்பிள்ளைக்குக் கைபிடித்துக் கொடுக்கும் படம்தான் இன்றைக்கும் ஆல்பத்தின் முதல் பக்கம். மேடவாக்கத்திலிருந்து மாப்பிள்ளை வருடம் தவறாமல் அந்த நாளில் எனக்குத்தான் முதலில் போன் செய்கிறார்.

“மாமா, நம்ம கல்யாண நாள் வாழ்த்துகள்!”

“உங்களுக்கும் மாப்பிள்ளை.”

பின்னால் ஜெமிமா சிரிப்பது கேட்கும். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார். “வலி எப்படி இருக்கு மாமா?”

“அதுக்கென்ன, நல்லா இருக்கு” என்பேன். “நான்தான் அப்படி இப்படி.”