மூச்சுத் தரக் கண்காணிப்புக் குழு

இதயம் நின்றுபோன குழந்தைக்கு உயிர் கொடுத்த ஆஸ்பத்திரிகள் உலகத்தில் ஆயிரம் இருக்கலாம். கொடுத்த உயிரை அங்குலக் கணக்கில் அளந்து, மூன்று பிரதி எழுதிவைத்த பெருமை கும்மிடிப்பூண்டி பங்கஜவல்லி தர்ம ஆஸ்பத்திரி ஒன்றையே சேரும்.

1979-ல் அதன் தலைமை டாக்டர் ஸம்பத்குமார் டில்லி மாநாட்டுக்குப் போய்வந்தார். மற்றவர்கள் டில்லியிலிருந்து கம்பளி வாங்கிவருவார்கள். அவர் 'தரம்' வாங்கிவந்தார்.

நர்ஸ் சாராளுக்கு அதற்கு முன்பே நின்ற மூச்சை மீட்கும் வேலை தெரியும். மதராஸில் பயின்றவள்; பத்து வருஷத்தில் மூன்று குழந்தைகளை மார்பை அழுத்தி, வாயில் ஊதி, மீட்டிருக்கிறாள். ஆனால் எத்தனை அங்குலம் அழுத்தினாள், நிமிஷத்துக்கு எத்தனை தடவை என்பதற்கு எழுத்தில் அத்தாட்சி கிடையாது. ஆகவே அந்த மூன்று குழந்தைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பது வெறும் 'உறுதிப்படுத்தப்படாத தகவல்' என்று டாக்டர் தீர்மானித்தார்.

குழு பிறந்தது. டாக்டர் கையில் அடிஸ்கேல், ஆழம் அளக்க. கம்பவுண்டர் தேவராஜன் கையில், டிரில் மாஸ்டரிடம் இரவல் வாங்கிய ஸ்டாப் வாட்ச். தலைமை குமாஸ்தா ராமஸ்வாமி கையில் பதினேழு கலம் கொண்ட படிவம். சனிக்கிழமைதோறும் சாராள் ஒரு தலையணையை அழுத்தி ஊதிக் காட்டவேண்டும். தலையணை நல்ல முன்னேற்றம் காட்டிவருவதாகக் குழு பதிவுசெய்தது.

"சார், அழுத்த ஒருத்தர், ஊத ஒருத்தர் வேணும். நான் ஒருத்தியா ரெண்டும் செய்ய முடியல. இன்னொரு ஆள் குடுங்க" என்றாள் சாராள்.

"ஆளா? மூணு பேர் இருக்கோமேம்மா!" என்றார் டாக்டர்.

"நீங்க பார்க்கிறீங்க சார்."

"பார்க்கறதுதானே முக்கியம்! கண்காணிக்கிறவா கை வைக்கப்படாது. வெச்சா நடுநிலை கெட்டுடும்."

இவ்வளவு உயர்ந்த கொள்கைக்கு எதிரே வாய் திறப்பது சரியில்லை என்று சாராள் தலையணைக்குத் திரும்பினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பச்சையப்பன் என்ற விவசாயி நாலு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான்.

"நர்ஸம்மா! பம்புசெட்டுத் தொட்டியில வுயுந்துட்சும்மா! பேச மாட்டேங்குது!"

சாராள் குழந்தையை மேஜைமேல் கிடத்தி மார்பில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அழுத்த ஆரம்பித்தாள்.

"நிறுத்து! குழு இன்னும் கூடலை!" என்று டாக்டர் ஓடிவந்தார்.

அவள் நிறுத்தவில்லை. குழு ஒரே நிமிஷத்தில் கூடியது. கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு, அதாவது 'கோரம்', அதுவும் இருந்தது. ராமஸ்வாமி வாசலில் நின்ற தகப்பனைப் பார்த்துப் பேனாவைத் திறந்தார்.

"குழந்தையோட இனிஷியல் என்ன?"

"இன்னா நைனா கேக்குற? எம் பொண்ணு மூச்சே வுடல!"

"அது ஒம்பதாவது கலம்ப்பா. நாம இப்போ மூணுல இருக்கோம்."

சாராள் அழுத்தினாள், குனிந்து ஊதினாள், மறுபடி அழுத்தினாள். கை கனத்தது. அவளுக்கே மூச்சு வாங்கியது.

"சார், யாராவது வாயில ஊதுங்க சார்! குழந்தை போயிடும்!"

டாக்டர் ராமஸ்வாமியைப் பார்த்தார். ராமஸ்வாமி படிவத்தைப் பார்த்தார். "நான் வாட்ச்சை விட்டா நேரம் நின்னுடும்" என்றார் தேவராஜன்.

டாக்டர் குனிந்து ஸ்கேலை நீட்டினார். "ஒண்ணரை அங்குலம் வரணும், ஒண்ணேகால்தான் வர்றது. கையைக் கொஞ்சம் எடும்மா, கோடு தெரியலை."

"ஸ்கேலை எடுங்க சார், இல்லேன்னா அதையும் சேர்த்து அழுத்திடுவேன்!" என்றாள் சாராள். அவள் அந்த ஆஸ்பத்திரியில் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

மூலையில் தரை பெருக்கிக்கொண்டிருந்த ஆயா அஞ்சம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு மேஜையருகே பாய்ந்தாள்.

"நவுரு டாக்டரே! வாரா வாரம் தலாணிக்கு ஊதுறத நானுந்தான் பாத்துக்கினு இருக்கேன்!"

"ஆயா பேர் குழுவிலேயே இல்லையே!" என்று படிவத்தை மேஜைமேல் நீட்டினார் ராமஸ்வாமி.

"இல்லாங்காட்டி எய்திக்கோ!"

குழந்தையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்தாள். "மூணு, நாலு, அஞ்சு, ஊது!" என்று சாராள் எண்ண, அஞ்சம்மாள் ஊதினாள். எண்ண, ஊதினாள். திடீரென்று குழந்தை இருமி, குடித்த தண்ணீரையெல்லாம் படிவத்தின்மேல் கக்கிவிட்டு, வீறிட்டு அழுதது. மூன்று பிரதிகளும் நனைந்தன. சாராள் தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். பச்சையப்பன் அஞ்சம்மாளின் காலில் விழுந்தான்.

"நாலு நிமிஷம் பன்னெண்டு செகண்டு" என்று தேவராஜன் அறிவித்தார்.

"படிவம் பத்து நிமிஷத்துக்குன்னா போட்டிருக்கு!" என்று டாக்டர் மனம் வெதும்பினார்.

அறிக்கை சிறப்பாக அமைந்தது. 'கண்காணிப்பின் தரம்: மிக நன்று. குறைபாடு: குழந்தை உரிய காலத்துக்கு முன்பே பிழைத்துக்கொண்டதால் பணி பாதியில் தடைப்பட்டது.'

தவறு செய்தவரை விட்டுவிடலாமா? சாராளுக்கு மெமோ போயிற்று. 'குழுவின் அனுமதி பெறாத ஓர் ஆயாவின் மூச்சை எந்த விதியின்கீழ் பயன்படுத்தினீர்? இருபத்துநாலு மணி நேரத்தில் எழுத்துமூலம் விளக்கம் தருக.'

சாராள் ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தாள்.

'அன்று மூச்சு நின்றிருந்தது குழந்தை ஒருத்திக்குத்தான், ஐயா. தங்கள் மூவருக்கும் நன்றாகவே வந்துகொண்டிருந்தது.'