மனு போட்டால் தெளியும் ஆறு

கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஓர் ஆறு ஓடுகிறது. மேலே துணிக்குச் சாயம் போடும் காமன்ட் பெக்டரி வந்த நாளிலிருந்து அது ஒரு நாள் ஊதா, மறுநாள் சிவப்பு என்று நாகரிகமாக ஓடத் தொடங்கியது. அதில் குளித்த சுலக்ஷனாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. அவள் அம்மா, கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சுற்றாடல் அலுவலகத்துக்கு மனு எழுதினாள்.

பத்தாம் நாள் டவுனிலிருந்து நீர்ப் பரிசோதனை உத்தியோகத்தர் மஃறூப் போத்தலோடு வந்தார். அன்று பார்த்து ஆறு அடியில் கிடந்த கல்லை எண்ணலாம்போலத் தெளிந்து ஓடியது.

"நேத்து வரைக்கும் செவப்பா ஓடுச்சுங்க சேர்!"

"நாங்க வாறத ஏழு நாள் முந்தியே பெக்டரிக்குக் கடிதத்துல அறிவிச்சிட்டோம். அதுதான் முறை."

"முன்னாடியே சொன்னா சாயத் தண்ணி விடுறத நிப்பாட்டிற மாட்டாங்களா?"

"சொல்லாமப் போய் நின்டா மரியாதையா? நாளைக்கு அவங்க நம்மள நம்புவாங்களா?"

அவர் நீட்டிய படிவத்தில் நாகலெட்சுமி, "முறைப்பாட்டாளர் முன்னிலையில் நீர் நிறமற்றதெனக் காணப்பட்டது" என்ற இடத்தில் கையெழுத்திட்டாள்.

அவமானத்தோடு திரும்பியவளைப் பக்கத்து வீட்டு ராசம்மா பிடித்துக்கொண்டாள்.

"அடியே, அந்த சேர் வந்த அன்னைக்கு ஆத்துல தொவச்ச என் சேலை எப்பிடி வெளுத்துச்சு தெரியுமா? தம்பிக்குக் கல்யாணம் வருது. இன்னொரு மனு போடு!"

அவ்வளவுதான். திருவிழாவுக்கு ஒரு மனு, பொங்கலுக்கு ஒரு மனு, யார் வீட்டிலாவது சடங்கென்றால் அதற்கும் ஒரு மனு. மஃறூப் வரும் நாளில் தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் வாளிகளோடு பெண்கள் பட்டாளமே காத்திருக்கும். அவர் சீக்கிரம் கிளம்பட்டுமே என்று நாகலெட்சுமி படிவத்தை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சுலக்ஷனாவும் அன்றைக்கு மட்டும் ஆசைதீரக் குளிப்பாள்.

பதினாலாவது மனுவுக்கு மஃறூப் வரவில்லை. அழைப்பிதழ் வந்தது. தொடர்ச்சியான பதின்மூன்று பரிசோதனைகளில் மாசற்றதென நிரூபிக்கப்பட்ட ஆற்றைப் பேணிக் காத்தமைக்காகப் பெக்டரிக்கு விருதாம். பிரதான சாட்சிக்குப் பொன்னாடையாம்.

விழாவில் நாகலெட்சுமியை நடுவில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். வடையும் தேத்தண்ணியும் கிடைத்ததால் லயமே எழுந்து கைதட்டியது. அவளோ மஃறூபை ஓரமாக அழைத்தாள்.

"சேர், அடுத்தது எப்ப வருவீங்க?"

"இனி என்னத்துக்கு? பதிமூனு தரம் நீங்களே சைன் வெச்சிட்டீங்க. மனு பைல மூடியாச்சு. சந்தோசம்தானே?"

மறுவாரம் ஆற்றங்கரையில் பெரிய போர்ட் ஒன்று முளைத்தது. அதற்குக் கீழே ஆறு கறுப்பாக நுரைத்துப் போனது. வாளியோடு நின்ற சுலக்ஷனா போர்டையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, ஒங்க படத்தப் போட்டு நல்ல தண்ணின்னு எழுதியிருக்காங்களே. அப்ப நான் குளிக்கவா?"